அரிக்கமேட்டில் பிறந்து திருச்செங்கோடு வந்த பாடநூல்

ஆக்ஸ்ஃபோர்டில் அச்சான ஒரு புத்தகத்துக்கு அரியாங்குப்பம் ஆற்றங்கரைதான் பிறந்த மண் என்று சொன்னால் யாரும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மார்ட்டிமர் வீலர் எழுதி 1954-ல் வெளிவந்த ‘ஆர்க்கியாலஜி ஃப்ரம் தி எர்த்’ புத்தகத்தைத்தான் சொல்கிறேன். 1951-ல் எடின்பரோவில் அவர் ஆற்றிய ரைண்டு சொற்பொழிவுகளே பிறகு நூலாயின. ஆனால் அந்தப் பேச்சுக்கு வேண்டிய அனுபவத்தில் ஒரு நல்ல பங்கு இந்தியாவில், அதிலும் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு என்ற மேட்டில் சேர்ந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்குத் தொல்லியலில் முதல் புத்தகம் எதைக் கொடுக்கலாம் என்று தேடப் போன ஆசிரியர்களான எங்களை, ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் இருந்த இன்னொரு புத்தகம் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அந்த மேட்டில்தான் கொண்டுபோய் நிறுத்தியது.

வீலர் 1944-ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்தபோது அவருக்கு 53 வயது. இரண்டு உலகப் போர்களிலும் பீரங்கிப் படையில் இருந்தவர், பிரிகேடியர் பதவி வரை போனவர். வந்ததும் அவரை உறுத்திய விஷயம், இங்கே தோண்டும் முறை. மொகஞ்சதாரோவில் அதற்கு முன் தோண்டியவர்கள், ஒரு நிலையான மட்டத்திலிருந்து இத்தனை அடி ஆழம் என்று அளந்து, அந்த ஆழத்தில் கிடைத்தவற்றை ஒரு காலத்துப் பொருள்களாக வரிசைப்படுத்தியிருந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது, ஒரே ஆழம் என்றால் ஒரே வயது.

ஆனால் ஊர் அப்படி வளர்வதில்லை. ஒரு பக்கம் மேடாகும், ஒரு பக்கம் பள்ளமாகவே கிடக்கும். இடிந்த சுவரை மட்டம் தட்டி ஒருவர் வீடு கட்டுவார். பக்கத்திலேயே இன்னொருவர் குப்பைக்குழி வெட்டுவார். அந்தக் குழியின் அடியில் நேற்று உடைந்து விழுந்த சட்டி, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய வீட்டுத் தரையோடு ஒரே ஆழத்தில் கிடக்கும். அளவுநாடா இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். மண்ணைப் பார்த்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும். நிறமும் பதமும் கலப்பும் மாறுகிற கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், குழியின் வாய் எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டது என்று புலப்படும். ஆகவே அளக்க வேண்டும். ஆனால் அடுக்கைப் பார்த்தபின் அளக்க வேண்டும். வீலரின் புத்தகம் முழுவதையும் பிழிந்தால் கிடைப்பது இதுதான் என்று சொல்வேன்.

இதற்காக அவர் நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்தார். சதுரத்துக்குச் சதுரம் நடுவே ஒரு தடுப்புச் சுவரைத் தோண்டாமல் விட்டார். அந்தச் சுவரின் முகத்தில் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய அட்டை குத்தப்படும். அளவோடு படம் வரையப்படும். இங்கிலாந்தில் மெய்டன் காசில் கோட்டையில் 1930-களில் பழகிய முறை இது. இந்தியாவில் அதைக் கற்றுக்கொடுக்க 1944-ல் தட்சசீலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். அடுத்த ஆண்டு பயிற்சிக்களம் அரிக்கமேடு.

அரிக்கமேட்டுக்கு அவர் வந்த கதை பலருக்கும் தெரியும். சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் மத்தியதரைக்கடல் நாட்டு ஆம்போராச் சாடியின் துண்டைப் பார்த்தார், எங்கே கிடைத்தது என்று கேட்டார், புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அவரே சுவைபடச் சொல்லியிருக்கிறார். சொன்ன விதத்தில், அவர் பார்க்கும்வரை அந்த ஓடு யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்ததுபோல் ஒரு தோற்றம் வந்துவிட்டது. உண்மையில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அந்த இடத்தை 1930-களிலேயே கவனித்திருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் அ. ஐயப்பன் 1941-ல் அங்கே போய் ஆராய்ந்து, இது தெற்கின் தட்சசீலம் என்ற பொருளில் ‘தி இந்து’வில் எழுதியும் விட்டார். வீலர் செய்தது கண்டுபிடிப்பு அல்ல; கண்டுபிடித்த இடத்துக்குக் காலத்தைப் பூட்டியது. அதுவே பெரிய வேலை.

பூட்டு எது தெரியுமா? இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பானை. அரிட்டைன் என்பார்கள். அது எப்போது புழக்கத்துக்கு வந்தது, எப்போது நின்றது என்று ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரியும், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அதன் கதை முடிகிறது. அந்த ஓடு அரிக்கமேட்டில் எந்த அடுக்கில் கிடைத்ததோ, அதே அடுக்கில் கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் அந்த வயது. கிண்ணத்தின் உள்பக்கம் வரிவரியாகப் புள்ளியிட்ட ரௌலட்டட் ஓடுகளுக்கு இப்படித்தான் முதன்முதலாகக் காலம் கிடைத்தது. 1947-ல் வீலர் கர்நாடகத்துப் பிரம்மகிரிக்குப் போனார். அங்கே அதே வகைப் பானைகள் மேலடுக்கில். அதற்குக் கீழே பெருங்கற்படைக் காலத்துக் கருப்பு-சிவப்புப் பானையும் இரும்பும். அதற்கும் கீழே கற்கோடாரி. மேலிருந்து கீழாகக் கணக்குப் போட்டு, பெருங்கற்படைக் காலம் கி.மு. 200 வாக்கில் தொடங்கியிருக்கும் என்றார்.

கி.மு. 200. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் 1954-ல் கிளாரண்டன் அச்சகத்திலிருந்து வந்தது. இரண்டே ஆண்டில் பெலிகன் மலிவுப் பதிப்பாகச் சட்டைப்பைக்குள் நுழையும் அளவுக்குச் சுருங்கியது. தோண்டும் இடத்தை எப்படிப் பிரிப்பது, மண்வெட்டி முதல் பானைக் கொட்டகை வரை என்ன வேண்டும், யாருக்கு என்ன வேலை, புகைப்படம் எப்படி எடுப்பது, அறிக்கையை ஏன் தாமதிக்கக் கூடாது என்று வரிசையாகப் போகிறது. ஓர் அதிகாரத்துக்குப் போர்த்தந்திரத் தலைப்பு. எழுத்தும் அதற்கேற்ற மிடுக்கு. கூலிக்கு வந்து கூடை சுமந்தவர்கள் படங்களில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார்கள், பெயர் கிடையாது. இன்று படிக்கும்போது அங்கங்கே முகம் சுளிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் வெட்டுமுகப் படத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லும் அதிகாரத்துக்கு ஈடாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு அது திரும்பி வந்தது அப்படியே அல்ல; உருமாறி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கே.வி. ராமன், ‘பிரின்சிபிள்ஸ் அண்ட் மெதட்ஸ் இன் ஆர்க்கியாலஜி’ என்ற சிறிய பாடநூலை 1986-ல் எழுதினார். முதுகலை மாணவர்களின் தேர்வுக்கு உதவும் கச்சிதமான புத்தகம். 2002-ல் தஞ்சாவூரிலிருந்து கா. ராஜனின் ‘ஆர்க்கியாலஜி: பிரின்சிபிள்ஸ் அண்ட் மெதட்ஸ்’ வந்தது. ராஜன் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். 1985 முதல் எ. சுப்பராயலுவோடு சேர்ந்து கொடுமணலில் தோண்டியவர். வீலர் அரிக்கமேட்டு மண்ணை எடின்பரோவுக்குக் கொண்டுபோய்ப் பேசினார் என்றால், ராஜன் அந்தப் பாடத்தை நொய்யல் கரை மண்ணில் வைத்து எழுதினார்.

கொடுமணல் எங்களுக்குத் தூரமில்லை. ஈரோட்டைத் தாண்டி, சென்னிமலைக்கு மேற்கே. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். இரும்பு உருக்கிய உலை, எஃகு செய்த மூசைகள், பச்சைக்கல்லும் படிகமும் கார்னீலியனும் மணியாக்கிய பட்டறை, பெயர் கீறிய பானை ஓடுகள், ஊரைச் சுற்றிக் கல்வட்டங்கள். பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரிலிருந்து வந்திருக்கும் என்பார்கள். தொல்லியல் என்றால் எகிப்து என்று நினைத்துக்கொண்டு வருகிற பையனை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றி அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு சேர்த்துவிடலாம்.

எகிப்து என்று நினைப்பவர்கள் சிலர்தான். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான மாணவர்கள் வேறொரு எண்ணத்தோடு வருகிறார்கள். தொல்லியல் என்றால் கல்வெட்டு, கல்வெட்டு என்றால் கோயில். இதற்குக் காரணமும் கௌரவமான காரணம்தான். திருச்செங்கோட்டுக்கு ஊர்வரலாறு எழுதும் பழக்கம் பழையது. இந்த ஊர்க்காரரான தி.அ. முத்துசாமிக் கோனார் செப்பேடு, ஓலை, கல்வெட்டு, பழம்பாடல் என்று தேடித் தேடிச் சேர்த்தவர். கொங்கு மண்டல சதகத்தை உரையோடு பதிப்பித்தார். 1934-ல் ‘கொங்குநாடு’ எழுதினார். பல்கலைக்கழகம் எதுவும் பக்கத்தில் இல்லாத காலத்தில், தாலுகா ஊர் ஒன்றில் அச்சகமும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி. ஈரோட்டில் புலவர் செ. இராசு அதே வழியில் கொங்கின் கல்வெட்டுகளைத் தோண்டித் துருவினார். மாநிலத் தொல்லியல் துறையும் தமிழில் மாணவர்களுக்கு முதலில் கையில் கொடுத்தவற்றில் ஒன்று இரா. நாகசாமியின் ‘கல்வெட்டியல்’, 1972. எழுத்து இருந்தால்தான் வரலாறு என்ற பார்வை எங்கள் ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

எழுத்தில்லாத மண்ணைப் படித்தவர்களும் இந்தப் பக்கம் இருந்தார்கள்; ஆனால் அவர்கள் வெளியாட்கள். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று கற்கோடாரியை எடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் இருந்தவர். சேர்வராயன் மலைச் சிற்றாலயங்களில் வழவழப்பான கற்கோடாரிகள் சாமியாக இருப்பது அவர் காலத்தவர் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் சேர்த்த கற்கருவிகளையும் பானைகளையும் சென்னை அரசு 1904-ல் அருங்காட்சியகத்துக்காக வாங்கியது. அவற்றின் விவர அட்டவணை அவர் இறந்தபின் 1914-லும் குறிப்புகள் 1916-லும் அச்சாயின. அவருடைய அஸ்தி ஏற்காட்டுக் கிறிஸ்தவ ஆலய வளாகத்தில்தான் இருக்கிறது. சேலத்தில் இருந்த மிஷனரி மாரிஸ் ஃபிலிப்ஸ் இந்த மாவட்டத்து ஈமக்குழிகளைப் பற்றி 1873-லேயே ‘இந்தியன் ஆன்டிகுவரி’யில் எழுதினார். அப்போது திருச்செங்கோடும் நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். ஊர்க்காரர்கள் பாண்டவர் குழி என்று சொல்லிவிட்டு ஆடு மேய்த்த இடங்கள் அவை.

ஆக, கோனார் ஒரு பக்கம், ஃபிலிப்ஸ் ஒரு பக்கம். எங்களுக்கு வேண்டிய முதல் புத்தகம், கோனாரின் வாரிசுகளாக வகுப்புக்குள் வரும் பிள்ளைகளை ஃபிலிப்ஸ் பார்த்த குழிக்குள் இறக்க வேண்டும். அதுதான் எங்கள் தேவை என்று புரியவே கொஞ்ச காலம் ஆனது. அதுவரை எது பெரிய புத்தகம், எது புதிய புத்தகம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

பெரிய புத்தகம் என்றால் சந்தேகமே இல்லாமல் காலின் ரென்ஃப்ரூவும் பால் பானும் எழுதியதுதான். 1991-ல் முதல் பதிப்பு. உலகில் பாதிப் பல்கலைக்கழகங்களில் அதுதான் பாடம் என்று சொன்னாலும் தகும். அதன் அழகு, அதிகாரத் தலைப்புகள் எல்லாம் கேள்விகள். என்ன மிஞ்சியிருக்கிறது? எங்கே? எப்போது? என்ன சாப்பிட்டார்கள்? என்ன தொடர்பு வைத்திருந்தார்கள்? என்ன நினைத்தார்கள்? யாருடைய கடந்தகாலம் இது? இதைவிட நல்ல வரிசையைப் பாடத்திட்டம் எழுதும் எந்தக் குழுவும் போட்டுவிட முடியாது. ஆனால் ஆறுநூறு பக்கத்துக்கு மேல். விலை பல ஆயிரம். நல்ல ஆங்கிலம், அதனாலேயே எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டமான ஆங்கிலம். ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்சி கடைசியாக என்ன தின்றான் என்று ஒப்பிக்கிற மாணவிக்கு, சங்ககிரிக்குப் போகும் வழியில் பஸ்ஸில் பார்க்கும் கல்வட்டம் கண்ணில் படாமல் போய்விடக்கூடும். ஆசிரியர் கையில் இருக்க வேண்டிய புத்தகம். மாணவருக்கு இரண்டாவது புத்தகம்.

உபிந்தர் சிங்கின் 2008-ம் ஆண்டுப் பெரிய இந்திய வரலாற்று நூலும் பேச்சில் வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதை வேதம்போல் வைத்திருக்கிறார்கள். நல்ல நூல்தான், ஆனால் அது வரலாறு, தொல்லியல் அதில் சான்று. இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலம் பற்றிய சங்காலியாவின் தடித்த தொகுப்பு நூலகத்துக்கு. ராஜனே தமிழில் எழுதிய ‘தொல்லியல் நோக்கில் சங்ககாலம்’ (2004) எங்கள் எல்லோருக்கும் பிடித்தது, மாணவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அதுவும் அகழாய்வுகள் என்ன சொல்கின்றன என்ற புத்தகம். அகழாய்வு எப்படிச் சொல்கிறது என்ற புத்தகம் அல்ல.

பிறகு கீழடி. 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட ‘கீழடி: வைகை நதிக்கரையில் சங்ககால நகர நாகரிகம்’ என்ற மெல்லிய நூல் 24 மொழிகளில் வந்தது. தமிழ்நாட்டில் தொல்லியல் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்கியவர்களைக் கேட்டால், பெரும்பாலானவர்கள் வாங்கியது அதுவாகத்தான் இருக்கும். படங்கள் அழகு, விலை குறைவு, மொழி எளிமை. இதையே முதல் புத்தகமாக வைத்துவிடலாமே என்று வாதாடியவர்கள் எங்களில் உண்டு. அந்த வாதத்துக்குப் பதில் சொல்லப்போய்த்தான் முடிவே பிறந்தது.

அந்த நூலைப் பிரபலமாக்கிய செய்தி, கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்பது. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த இன்னொரு மாதிரி கி.மு. 205 என்று வந்தது. அமெரிக்காவில் உள்ள பீட்டா ஆய்வகத்தின் முடிவு. மாணவர்கள் இரண்டு எண்களையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சரி, அந்த 353 என்ற எண் எதற்காக? ஆழம் எத்தனை என்று சொன்னால் என்ன தெரிந்துவிடும்? கரிக்குத்தான் வயது வந்தது. அங்கே கிடைத்த எழுத்துள்ள பானை ஓட்டுக்கு எப்படி வந்தது? இதைக் கேட்டால் வகுப்பு கப்சிப். 1944-ல் தட்சசீலத்தில் வீலர் தம் மாணவர்களிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது.

2025 மே மாதம் இதே கேள்வி நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. கீழடியின் முதல் இரண்டு பருவங்களைத் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையில் திருத்தம் வேண்டும் என்று இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. கேட்டவற்றில் ஒன்று, காலக்கணிப்புக்கு ஆழத்தை மட்டும் குறித்தால் போதாது, மண்ணடுக்கின் எண்ணையும் குறிக்க வேண்டும் என்பது. அறிக்கை மண்ணடுக்கின் வரிசையை வைத்துத்தான் எழுதப்பட்டது, வரைபடங்களும் கொடுத்தாயிற்று என்று அவர் மறுத்தார். அரசியல் மேடைகளில் இது தமிழரின் தொன்மைக்கும் தில்லிக்கும் நடக்கும் சண்டையாக ஒலித்தது. அந்தச் சண்டையும் பொய்யில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்துக் கேட்கிற திருத்தத்தின் நேரத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் ஆழமா, அடுக்கா என்ற கேள்வி அதற்குள் ஒரு பாடமாக உட்கார்ந்திருக்கிறது. தொலைக்காட்சி விவாதத்தில் அதைப் புரிந்துகொண்டு பேசியவர்கள் அபூர்வம். எங்கள் பிள்ளைகளுக்காவது புரிய வேண்டும். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவர்களே பிறகு முடிவு செய்துகொள்வார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வீலர் போட்ட கி.மு. 200. பிறகு அமெரிக்க வேதியியலாளர் லிபியின் கரிமக் காலக்கணிப்பு 1949-ல் வந்தது. தென்னிந்திய இரும்பின் காலம் ஒவ்வொரு தலைமுறையிலும் பின்னால் நகர்ந்தது. விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டையே மீண்டும் தோண்டி, ரௌலட்டட் பானைகள் வீலர் நினைத்ததைவிடப் பழையவை என்று காட்டினார், பூட்டே தளர்ந்தது. மேட்டூர் அணை நீர்ப்பரப்பை ஒட்டிய தெலுங்கனூர், மாங்காட்டு ஈமக்குழி இரும்பு கி.மு. 1500 வாக்குக்குப் போனது. அது எங்களுக்குப் பக்கத்துச் சேலம் மாவட்டம். 2022-ல் கிருஷ்ணகிரி மயிலாடும்பாறை கி.மு. 2172 என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரி 23 அன்று சிவகளை கி.மு. 3345 என்று இன்னோர் அறிவிப்பு. இன்னும் பல மாதிரிகள் வேண்டும், கரிக்கும் இரும்புக்கும் உள்ள உறவை நன்றாகச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எழுபத்தைந்து ஆண்டில் ஒரு பொருளின் வயது மூவாயிரம் ஆண்டுக்கு மேல் மாறியிருக்கிறது. 2025-ல் அச்சிட்ட புத்தகமும் 2030-ல் பழசாகிவிடும். முடிவுகளைச் சொல்லிக்கொடுக்கும் எந்தப் புத்தகத்தை வைத்தாலும் நாங்கள் தோற்போம். வீலரின் கி.மு. 200 செத்துவிட்டது. வெட்டுமுகத்தைப் படிக்க அவர் சொன்ன வழியில்தான் அதைக் கொன்ற தேதிகளையே எடுத்தார்கள்.

அதனால் ராஜனின் 2002-ம் ஆண்டுப் புத்தகம். தேதிகளுக்காக அல்ல, முறைக்காக. இடங்களைத் தேடுவது, குழி போடுவது, பதிவு செய்வது, காலம் கணிப்பது என்று எங்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆங்கிலம் என்ற குறை இருக்கிறது. அதற்கு வகுப்பில் தமிழில் விளக்கக் குறிப்புகள். தேதிகளுக்கு, ஆண்டுதோறும் மாறும் ஒரு தனித்தாள். பாடத்தின் வரிசைக்கு ரென்ஃப்ரூவின் கேள்விகள். வீலரிடமிருந்து மண்ணடுக்கு அதிகாரம் மட்டும், அதுவும் ஆசிரியர் படித்துக்காட்டுவதற்கு. கீழடி நூல் கடைசி மாதத்தில், கேள்வி கேட்டுப் பழகியபின்.

இப்படி ஒரு கலவை செய்துகொள்ளலாம் என்று துணிச்சல் வந்ததற்கு எங்கள் ஊர்த் தொழிலும் ஒரு காரணம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் குறைவு. வகுப்பில் நாலைந்து பேருக்காவது அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ ரிக்கில் இருப்பார். சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ இருந்து போன் செய்வார். போர் போடும்போது குழியிலிருந்து காற்று தள்ளும் தூளைப் பார்த்தே வண்டிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்: இத்தனை அடி செம்மண், அதற்குக் கீழே சுக்கான், வெளுத்த பாறை, பிறகு கருங்கல், இதோ ஈரம் தட்டிவிட்டது. கேசிங் பைப் எதுவரை இறக்க வேண்டும் என்பதே அந்தக் கணிப்பை வைத்துத்தான். மண்ணுக்கு வரிசை உண்டு என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோற்றோடு சேர்த்துக் கற்றிருக்கிறார்கள்.

ஆனால் அது பாதிப் பாடம். ரிக் சொல்வது ஆழம். ஆறங்குல ஓட்டைக்குப் பக்கத்தில் யாராவது எப்போதோ குழி வெட்டி மூடியிருந்தார்களா, அடுக்கு சாய்ந்திருந்ததா, இரண்டடி தள்ளிப் போட்டிருந்தால் அதே மண் அதே ஆழத்தில் வந்திருக்குமா என்று தூளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் கலந்து தூளாகத்தான் வெளியே வருகிறது. அந்த மீதிப் பாதிக்குத்தான் தடுப்புச் சுவர், அடுக்கு எண், வெட்டுமுகப் படம். இந்த வித்தியாசத்தைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு மாணவர், “அப்ப எங்கப்பா சொல்றது தப்புங்களா சார்?” என்று கேட்டார். தப்பில்லை, தண்ணீருக்கு அது போதும் என்றேன்.

கல்லூரி வளாகத்தில் தோண்டுவதற்கு யாருக்கும் அனுமதி கிடையாது; வேண்டியதும் இல்லை. சாலை அகலப்படுத்த வெட்டிய கரை, இடிந்த கிணற்றின் உள்சுவர், வீடு கட்டக் கடைக்கால் எடுத்த பள்ளம் என்று வெட்டுமுகத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பழங்காலம் எதுவும் அகப்படாத சாதாரணப் பள்ளமே முதல் பயிற்சிக்கு நல்லது. தங்கம் கிடைக்குமா என்ற ஆசை குறுக்கே வராது. அளவுகோலை நிறுத்தி, வரைதாளில் அடுக்குகளை வரைந்து, எண் போட்டு வர வேண்டும். கடைக்கால் பள்ளங்களில் எப்படியும் ஒரு பழைய குப்பைக்குழி தெரியும். பிளாஸ்டிக் பை ஒன்று செம்மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கும். பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதல் உள்தேர்வில் ஒரு வெட்டுமுகப் படம் கொடுத்துக் கேட்டிருந்தோம். ஓடு ‘அ’ 110 செ.மீ. ஆழத்தில், இரண்டாம் அடுக்கின் அடியில். ஓடு ‘ஆ’ 140 செ.மீ. ஆழத்தில், முதல் அடுக்கிலிருந்து வெட்டிய குழிக்குள். எது முந்தையது? பாதி வகுப்பு ‘ஆ’ என்று எழுதியிருந்தது. அடுத்த பருவத்தில் மண்ணடுக்குப் பாடத்துக்குக் கூடுதலாக இரண்டு வகுப்பு ஒதுக்கி, கடைக்கால் பள்ளத்துக்குப் போகும் நாளைத் தேர்வுக்கு முன்னால் மாற்றியிருக்கிறோம்.